தூசி வட்டமாகப் படியாது

பொறை அரிது, அதற்கு எல்லை அறிதல் அதனினும் அரிது. முன்னதைப் பெற்றுப் பின்னதைப் பெறாதவர் நல்லசாமி. நாங்குநேரியிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவரின் மகனாக நெய்வேலிக் குவார்ட்டர்ஸில் பிறந்து, தாமும் பெர்மனென்ட் ஆகி, இருபத்தெட்டு ஆண்டுகள் நிலக்கரி ஓடும் கன்வேயர் பெல்ட்டின் அருகே நின்றவர். ஓசை மாறினால் எந்த உருளை பழுதென்று கண்மூடிச் சொல்வார். அவருக்கு வேறு பெருமை இல்லை.

இன்சுலினால் வாழ்ந்த அவருக்கு, சர்க்கரை தாழ்ந்தால் வரவேண்டிய நடுக்கமும் வியர்வையும் வராமற்போயின. ஒருநாள் பெல்ட்டுக்கு இரண்டடி தள்ளி மயங்கிச் சாய்ந்தார். செய்தி கேட்ட மகள் ஹரிணி, மேற்கையில் ஒட்டி, இரு வாரத்துக்கொருமுறை மாற்றிக்கொள்ளும் சென்சாரை வாங்கி அனுப்பினாள். சர்க்கரை இறங்கினால் கைப்பேசி அலறும். மனைவி இசக்கியம்மாள் அன்றுதான் நெஞ்சில் அடைக்காமல் சோறு உண்டாள்.

மூன்றாம் மாதம் கை அரித்தது. நெய்வேலியில் எது அரித்தாலும் கரித்தூசியே குற்றவாளி. உடன் வேலைபார்க்கும் கம்மாபுரத்துச் செல்வகுமார் வீட்டுக்கு வந்தபோது சிரித்தான்.

"அண்ணே, கரியிலயே நின்னுகினு இருந்தா அரிக்காம சந்தனமா மணக்கும்? எங்க வூட்டு எருமையே தூணுல தேச்சிகினு கெடக்குது."

இசக்கியம்மாள் சிரிக்கவில்லை. "சுரங்கத்த விட்டு மேல வந்துருங்க. எழுதிக் குடுங்க" என்று நாள்தோறும் வற்புறுத்தினாள்.

"பெல்ட்ட விட்டுட்டு நான் என்னளா செய்ய?"

"என்னய நெனச்சுப் பாருங்க."

இடமாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்தார். ஸ்டோரில் நாற்காலி கிடைத்தது.

அங்கே தூசி இல்லை, அரிப்பு இருந்தது. சென்சாரைக் குளியலறையில் தாமே மாற்றிக்கொள்வார். முழுக்கைச் சட்டையைக் கழற்றமாட்டார். மகள் ஆசையாய் அனுப்பியதைக் குறைசொல்ல நா எழவில்லை. துவைக்கும்போது சட்டைக்கையில் நிணநீர் காய்ந்திருக்கக் கண்ட இசக்கியம்மாள், அவரைப் பிடித்து நிறுத்திப் பார்த்தாள். இரு கைகளிலும் வட்டம் வட்டமாகப் புண். பழையவை கறுத்திருந்தன, புதியது செக்கச்சிவந்து கசிந்தது.

தோல் மருத்துவர் ஒரு வட்டத்தைச் சுட்டினார். "தூசி இப்படி வட்டம் போட்டாம்மா படியும்? சென்சாரோட பசை ஒத்துக்கல. அரிச்ச உடனே காட்டியிருந்தா வேற வழி பார்த்திருக்கலாம்."

வேறு இரண்டு வகைகள் ஒட்டிப் பார்த்தனர். இரண்டுக்கும் தோல் கொப்பளித்தது. கழற்றுவதன்றி வழியில்லை.

பேருந்தில் அவள் கேட்டாள்: "கை வெந்து கெடக்கையில ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"பொறுத்துக்கிடலாம்னு நெனச்சேன்ளா."

"நான்லா உங்கள பெல்ட்ட விட்டுப் பிரிச்சேன்."

அவர் சன்னல் வழியே மண்மேடுகளைப் பார்த்திருந்தார். பெல்ட்டருகே இப்போது வேறொருவர் நிற்கிறார். விட்ட இடம் மீளாது.

புண்கள் ஆறின, அலறும் கருவி இல்லை. விரல்நுனியைக் குத்திப் பார்ப்பதற்கு இடைப்பட்ட பொழுதுகளை இசக்கியம்மாள் தன் கைப்பேசியால் காக்கிறாள். மணிக்கொருமுறை ஸ்டோருக்கு அழைப்பாள். மூன்றாம் முறை ஒலிக்கும்போதே எடுத்து, "இருக்கேன்ளா" என்பார். ஒருநாள் ஒன்பது முறை ஒலித்தது. அவர் எடுத்தபோது அவள் வாசலைத் தாண்டி, செருப்பின்றிச் சாலையில் நின்றிருந்தாள். பெட்டி இறக்கிக்கொண்டிருந்தாராம்.

அந்த இல்லத்திலிருந்து எழும் எவ்வழைப்பும் மறுமொழியின்றித் திரும்பாதிருப்பதாக! அவர்கள் உலையும் விளக்கும் நெடிது வாழ்க!