சீட்டுக்கு அடியில இருந்த சுவிட்ச்

அத்தானுக்கு உடம்பு சரியில்லைன்னு முதல்ல சொன்னது டாக்டர் இல்லைங்க, புல்வெட்டுற வண்டி. அது என்கிட்டதான் சொல்லுச்சு. நான் பெரிய மெக்கானிக் இல்லையா, அதனால காதுல விழல.

அத்தான்னா என் அக்கா வீட்டுக்காரர். விளையாட்டு மைதானத்துல பத்தொன்பது வருஷமா புல்வெட்டுற வேலை. வண்டி சின்ன டிராக்டர் மாதிரி இருக்கும், மேல உட்கார்ந்து ஓட்டணும். நல்ல கனத்த உடம்பு அவருக்கு. அங்க எல்லாரும் மூட்டைன்னுதான் கூப்பிடுவாங்க, அவரும் சிரிச்சுக்கிட்டே திரும்பிப் பாப்பார். கோபமே வராத மனுஷன். வீட்டுல அக்கா கத்தினா ரேடியோ சத்தத்தைக் குறைச்சு வச்சுட்டுப் பொறுமையா கேப்பார். அதுக்கே அவளுக்கு இன்னும் ஏறும்.

ஒருநாள் என் பட்டறைக்கு வந்தார். வண்டி ஓடிக்கிட்டிருக்கும்போதே பொசுக்குனு நின்னுடுதாம், திரும்ப ஸ்டார்ட் பண்ணினா ஓடுதாம். சூப்பர்வைசர் வண்டியை விட்டுட்டு இவரைத்தான் குறை சொல்றானாம். வாரக் கடைசிக்குள்ள சரியாகலைன்னா வேற ஆளை ஏத்திடுவேன்னுட்டானாம். சொல்லிக்கிட்டே இடுப்பு பெல்ட்டைக் கழட்டி நீட்டி, ரெண்டு ஓட்டை கூடப் போட்டுக் கொடுன்னார். டிரில்லை எடுத்துப் போட்டுக் கொடுத்தேன். தொப்பை கரைஞ்சு புதுமாப்பிள்ளை ஆயிட்டீங்கன்னு கிண்டல் வேற.

மறுநாள் மைதானத்துக்குப் போய் நானே ஏறி நாலு சுத்து சுத்தினேன். நானும் ஒண்ணும் லேசுப்பட்ட உடம்பு இல்ல. வண்டி நிக்கவே இல்ல. உங்களுக்குத்தான் ஓட்டத் தெரியலைன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். அவர் ஏறினார், கோல்போஸ்ட் பக்கத்து மேட்டுல டப்புனு நின்னுச்சு. எனக்கு ரோஷம் வந்துடுச்சு. பிளக்கை மாத்தினேன், கார்புரேட்டரைக் கழட்டிக் கழுவினேன், பெட்ரோல் டியூபை வாய் வச்சு ஊதினேன். ரெண்டு நாள் அந்தச் சனியனோட மல்லுக்கட்டினேன். அத்தான் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பார், நடுநடுவே புல்லுல உட்கார்ந்துடுவார்.

மூணாம் நாள் வண்டி கூடவே நடந்தேன். அப்பதான் பிடிபட்டுச்சு. மேடு பள்ளத்துல அவர் உடம்பு லேசா எழும்பும்போதெல்லாம் இன்ஜின் நிக்குது. சீட்டுக்கு அடியில ஒரு சுவிட்ச் உண்டு. ஓட்டுறவன் தவறி விழுந்தா பிளேடு சுத்தக் கூடாதுன்னு வச்சது. ஆள் கனம் இருந்தா அமுங்கியிருக்கும், கனம் போச்சுன்னா இன்ஜினை நிறுத்திடும். கையால அமுக்கிப் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு.

அங்க நான் யோசிச்சிருக்கணும். சுவிட்ச் நல்லா இருக்கு. என்னை வச்சு ஓடுது. போன வருஷம் வரைக்கும் அவரை வச்சும் ஓடுச்சு. அப்போ மாறினது எது? சின்னப் பிள்ளைகூடச் சொல்லிடும். நான் என்ன பண்ணினேன் தெரியுமா? ரெண்டு வயரையும் உருவி, ஒண்ணா முறுக்கி, டேப் சுத்திட்டேன். செய்யக் கூடாத வேலை, தெரிஞ்சேதான் செஞ்சேன்.

"இனிமே நீங்க பறந்தாக்கூட வண்டி நிக்காது அத்தான்"னேன்.

சிரிச்சார். அப்புறம் கையைத் துடைச்சுக்கிட்டே, "இப்பல்லாம் பசியே எடுக்கறதில்லடா"ன்னார்.

எனக்குப் பட்டறையில வேலை குவிஞ்சு கிடந்துச்சு. அக்கா சமையல் லட்சணம் அப்படின்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டேன். இந்த வாயை என்ன பண்றது.

அதுக்கப்புறம் மூணு மாசம் வண்டி ஒருதரம்கூட நிக்கல. அவர்தான் விழுந்தார். நல்லவேளை, வண்டியில இருக்கும்போது இல்ல, சட்டை மாத்துற ரூம்ல. ஆஸ்பத்திரியில தூக்கிப் படுக்க வச்சப்போ எனக்கு ஒரு கையே போதுமா இருந்துச்சு. வயித்துல கட்டின்னாங்க, எல்லா இடமும் பரவிடுச்சுன்னாங்க. இருபத்திரண்டு நாள்தான் இருந்தார்.

சேர்த்த அன்னிக்கு டாக்டர் வராந்தாவுல எங்களை நிக்க வச்சுக் கேட்டார், மூணு மாசம் முன்னாடியே யார்கிட்டயாவது காட்டியிருக்கக் கூடாதான்னு. அக்காதான் பதில் சொன்னா.

"அப்போ அவருக்கு ஒண்ணும் இல்லைங்க டாக்டர். வண்டிதான் மக்கர் பண்ணிக்கிட்டிருந்துச்சு. அதையும் என் தம்பி சரி பண்ணிக் கொடுத்துட்டான்."

சொல்லிட்டு என் தோள்ல கை வச்சா. வண்டி ஏன் நின்னுச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் நான் அவகிட்ட சொல்லல.