இறங்குவது சுலபம்

என் அக்கா கணவருக்கு ஒரு பழக்கம். உட்கார்ந்த இடத்திலிருந்து யார் எழுந்தாலும் ஓடிப்போய்க் கை கொடுப்பார். வீட்டுக்கு வருகிறவர்களையே சோபாவிலிருந்து தூக்கி நிறுத்துவார். "அத்தான், எனக்குக் கால் நல்லாத்தான் இருக்கு" என்று நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அந்த நல்ல பழக்கம்தான் ஒரு காரையே கவிழ்த்தது.

அத்தானுக்குக் கார் கம்பெனியில் வேலை. புது வண்டி சந்தைக்கு வருமுன், வாங்கக்கூடிய ஆட்களை வரவழைத்து, ஏறி இறங்கச் சொல்லி, அபிப்பிராயத்தைப் படிவத்தில் வாங்க வேண்டும். அந்த வருடம் வந்தது கூரையைத் திறந்து மூடுகிற, இரண்டே பேர் உட்காரும் சொகுசு வண்டி. பார்க்க அழகு. உட்கார்ந்தால் தரையில் உட்கார்ந்த மாதிரி. அந்த விலைக்குச் சம்பாதித்து முடிப்பதற்குள் மனிதனுக்குத் தலை நரைத்து முட்டி தேய்ந்துவிடும். சீட்டை வடிவமைத்த பெண் அதை யோசித்துத்தான் நாலு விரற்கடை உயர்த்தலாம் என்றாள். அழகு போய்விடும் என்றார் மேலாளர். சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று முடிவானது.

அறுபது பேர் வந்தார்கள். அறுபது பேரையும் அத்தான் கை கொடுத்து இறக்கிவிட்டார். அறுபது படிவத்திலும் 'இறங்குவது சுலபம்' என்று டிக் விழுந்தது. அதைக் காட்டி அந்தப் பெண்ணின் வாயை அடைத்து, தாழ்ந்த சீட் வரைபடத்தில் அவள் கையெழுத்தையும் வாங்கிவிட்டார்கள்.

ஷோரூமுக்கு ஷோரூம் அத்தான் இருக்க முடியுமா? ஆசையாக உட்கார்ந்தவர்கள் எழ முடியாமல் தவித்தார்கள். ஒரு பெரிய மனிதர் மனைவியின் கண்ணெதிரே இரண்டு கையையும் தரையில் ஊன்றித் தவழ்ந்து வந்தாராம். அப்புறம் வருகிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். வருடம் முடிந்தபோது விற்ற வண்டிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அத்தான் ஒரு ஷோரூமுக்குப் போய் இந்தக் கூத்தை நேரில் பார்த்தார். பார்த்ததும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

ஏன் விற்கவில்லை என்று கூட்டம் போட்டார்கள். சீட் தாழ்வு என்று ஒருவழியாகக் கண்டுபிடித்தார்கள். கையெழுத்துப் போட்டது நீதானே என்று மேலாளர் அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சோதனையில் ஏதாவது கவனித்தீர்களா என்று அத்தானையும் கேட்டார். அத்தானுக்கு ஓய்வுபெற இன்னும் மூன்று வருடம் பாக்கி.

"ஃபார்ம்ல இருக்கிறதுதான் சார். எல்லாம் ஒழுங்காத்தான் நடந்துச்சு."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அத்தான் வாயால் கெட்டது அடுத்தவள். ஒரே வாரத்தில் அவளுக்கு வேலை போனது. போகிற அன்று அவர் மேஜைக்கு வந்தாளாம்.

"அண்ணே, அறுபது பேர் சுலபம்னு எழுதியிருக்காங்க. எனக்கே இப்ப என் மேல நம்பிக்கை இல்லண்ணே."

அப்போதும் அவர் வாயைத் திறக்கவில்லை. இரண்டு மாதம் சோறு தண்ணி சரியாக இறங்காமல் கிடந்து, போன ஞாயிற்றுக்கிழமைதான் அக்காவிடமும் என்னிடமும் கொட்டினார். வெட்கமாக இருக்கிறது என்று சொல்லிக் குழந்தை மாதிரி அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

"என்கிட்ட ஏன் அழறீங்க? அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க" என்று அக்காவே அவள் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, போனை அவர் கையில் திணித்தாள்.

"நல்லா இருக்கியாம்மா?" என்றார் அத்தான்.

"இருக்கேண்ணே. ஆபீஸ்ல இருந்து என்னை விசாரிச்சது நீங்க ஒருத்தர்தான். ரொம்ப நன்றிண்ணே."

அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, போனை வைத்தார்.