தனக்குத் தானே ஒன்று போட்டுக்கொண்டவர்

தவளக்குப்பம் சந்திப்பில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது சங்கரியிடமிருந்து போன் வந்தது. "சார், லூர்து மேடம் போயிட்டாங்க. காலையில டீ குடிச்சிட்டு உக்காந்தவங்க எழுந்திருக்கலையாம்" என்றார். எங்கள் பம்ப் தொழிற்சாலையின் பர்ச்சேஸ் பிரிவுக்கு இன்று சங்கரிதான் தலைவி. அவருக்கு முன்னால் அந்தப் பொறுப்பில் இருந்தவர் லூர்து மேரி. காய்கறிப் பையைக் கடையிலேயே விட்டுவிட்டு மூலக்குளத்தில் இருந்த மேடத்தின் வீட்டுக்கு வண்டியைத் திருப்பினேன். போகிற வழியெல்லாம் அழுகையைவிடப் பெருமைதான் அதிகம் வந்தது. இந்த அஞ்சலிக் கூட்டத்தில் அவரோடு வேலை செய்த உங்களுக்கு அதன் காரணம் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நான் உற்பத்திப் பிரிவின் மேலாளர். என்ன பொருள் வேண்டும் என்று எழுதி பர்ச்சேஸுக்கு அனுப்பும் தாளை இண்டென்ட் என்போம். அளவும் தரமும் எழுதவேண்டிய கட்டத்தில் நான் காலம்காலமாக ஒரே ஒரு சொல்லைத்தான் எழுதினேன்: "பழையபடி." எது பழையது, அதில் எது சரியானது என்பதெல்லாம் மேடத்துக்குத் தெரியும். அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அதைக் குறை என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. வெளியாட்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

ஒருமுறை பித்தப்பை அறுவை சிகிச்சைக்காக மேடம் மூன்று வாரம் விடுப்பில் போனார். சங்கரி அப்போது புதிதாகச் சேர்ந்தவர். என் "பழையபடி"யைப் பார்த்தார், கோப்பில் கடைசியாக வாங்கிய ரப்பர் வளையம் எதுவோ அதையே வாங்கிவிட்டார். அது வேறொரு பம்புக்காக ஒரே ஒரு தடவை வாங்கிய ரகம். எங்கள் பம்பில் போட்டதும் ஊதிப் பெருத்துவிட்டது. வேலை மூன்று நாள் நின்றது. எனக்கு வருகிற கோபம் உங்களுக்குத் தெரியாததா? எல்லார் எதிரிலும் சங்கரியைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். தையல்கூடப் பிரிக்காமல் வேலைக்குத் திரும்பிய மேடம் நேராக என் மேசைக்கு வந்தார். "நீங்க கத்தவேண்டியது அந்தப் பொண்ணுகிட்ட இல்ல சார். என்கிட்ட, அப்புறம் கண்ணாடியில பாத்து உங்ககிட்ட" என்றார். ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பிரான்ஸிலிருந்து ஒரு பெரிய ஆர்டருக்கான பேச்சு வந்தது. அது கிடைத்தால் இரண்டாவது ஷிஃப்ட் நிலைக்கும். கிடைக்காவிட்டால் மூடவேண்டியதுதான். அந்த ஷிஃப்டில் இருந்தவர்களில் பாதிப் பேர் பஞ்சாலை மூடியதால் ஏற்கெனவே ஒருமுறை அடுப்பு அணைந்த வீட்டுப் பிள்ளைகள். பிரெஞ்சுக் கம்பெனி ஒரு படிவம் அனுப்பியது. உங்கள் பர்ச்சேஸ் எவ்வளவு பக்குவப்பட்டிருக்கிறது என்று நீங்களே மதிப்பெண் போடுங்கள், பிறகு நாங்கள் நேரில் வந்து பார்ப்போம் என்றது. கேட்டதை ஓடிப்போய் வாங்கி வருகிற கம்பெனிக்கு ஒன்று. யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முறைப்படி வாங்குகிற கம்பெனிக்கு மூன்று. தேவை வருமுன்பே யோசித்து, யாரையும் நம்பி நிற்காமல் தானாக ஓடுகிற பிரிவுக்கு ஐந்து. மூன்றுக்குக் கீழே இருந்தால் ஆர்டர் கிடையாது.

நான் தாராளமாக நான்கு போட்டேன். முதலாளியும் நான்கு போட்டார். மேடம் ஒன்று போட்டார்.

முதலாளி எகிறிவிட்டார். "நம்மள நாமளே கவுத்துக்கணுமா மேடம்? ரெண்டாவது ஷிஃப்ட் ஆளுங்களுக்கு நீங்க பதில் சொல்வீங்களா?"

"சொல்றேன் சார். நான் படுத்தேன், லைன் நின்னுச்சு. அது ஒண்ணு இல்லாம வேற என்ன? இன்னைக்கு ஒண்ணுதான். அவங்க வர்ற அன்னைக்கு மூணு. நடுவுல எட்டு மாசம் இருக்கு."

ஒன்று என்று எழுதிய படிவமே போனது. எப்படித்தான் முதலாளியைச் சம்மதிக்க வைத்தாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த எட்டு மாதம் என் உயிரை எடுத்துவிட்டார். தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் நோட்டும் கையுமாக மெஷினருகே வந்து நிற்பார். இந்த வளையம் எந்த ரகம், ஏன் அந்த ரகம், வேறு போட்டால் என்ன ஆகும் என்று குடைவார். "உங்களுக்குத் தெரியாததா மேடம்?" என்று சலித்துக்கொள்வேன். "எனக்குத் தெரியும் சார். கம்பெனிக்குத் தெரியாது" என்பார். சில கேள்விகளுக்கு எனக்கே விடை தெரியவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. வெட்கமாக இருந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டாவதாக ஒரு சப்ளையரைத் தேடிப் பிடித்தார். தீபாவளிக்குத் தவறாமல் இனிப்புப் பெட்டி அனுப்பிக்கொண்டிருந்த பழைய சப்ளையர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் அசரவில்லை.

மதிப்பிட வந்தவர் நடுத்தர வயதுப் பெண்மணி, கூடவே உதவியாளர் ஒருவர். இருவரும் பிரெஞ்சில் பேசத் தொடங்கியதுமே மேடம் கையை உயர்த்தி பிரெஞ்சிலேயே ஏதோ சொல்ல, இருவரும் சிரித்துவிட்டார்கள். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "எங்கப்பா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவரு. எனக்கு எல்லாம் புரியும், பாத்துப் பேசுங்கன்னேன்" என்றார். ஒளித்துவைத்து ஆடத் தெரியாத மனுஷி.

அந்தப் பெண்மணி அலமாரியைத் திறந்து கண்ணில் பட்ட ஒரு இண்டென்ட்டை உருவிச் சங்கரியிடம் நீட்டினார். இதை வாங்கிக் காட்டுங்கள் என்றார். சங்கரி மேடத்தைப் பார்த்தார். மேடம் எழுந்து கேன்டீனுக்குப் போய்விட்டார். சங்கரி மெல்லக் கோப்பை எடுத்தார். எந்த ரகம், ஏன், யாரிடம், வந்ததும் யார் சோதிக்கவேண்டும் என்று வரிசையாகக் காட்டினார். இந்த சப்ளையர் இன்று இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார் வந்தவர். சங்கரி இரண்டாவது சப்ளையருக்கு அங்கேயே போன் போட்டு, எதிரிலேயே பேசி முடித்தார்.

மாலையில் முடிவு சொன்னார்கள். "போகிற இடமெல்லாம் நான்கு என்று எழுதிவைத்திருப்பார்கள், நான் குறைத்துவிட்டு வருவேன். கூட்டிப் போடுவது இங்கேதான்" என்றார் அந்தப் பெண்மணி. மூன்று! இரண்டாவது ஷிஃப்ட் முழுக்க முற்றத்தில் நின்று கைதட்டியது. நான் போய்ச் சங்கரியிடம் எல்லார் எதிரிலும் மன்னிப்புக் கேட்டேன். திட்டியதும் எல்லார் எதிரில்தானே. மேடம் கேன்டீன் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் ஓய்வுபெற்றார். மூன்று மாதம் கழித்து ஒரு நாள் போன் செய்தார். "என்ன சார், ஆபீஸ்லேர்ந்து ஒரு போன் கூட வரலையே. எதுவும் கேக்கறதுக்கு இல்லையா?"

எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. மறந்துவிட்டோம் என்று வருத்தப்படுகிறாரோ என்று தடுமாறி, வேலை அதிகம், எல்லாரும் உங்களை விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்று எதையோ உளறினேன்.

அந்தப் பக்கம் கடகடவென்று சிரிப்பு. "அட போங்க சார், நான் அதுக்கா கேட்டேன்? அந்தப் படிவத்தோட காப்பி இன்னும் வச்சிருக்கீங்கல்ல? எடுங்க. இப்ப போடுங்க அஞ்சு."

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருப்பது அந்தச் சிரிப்பைத்தான்.