இருமலுக்கு ஒரு சர்டிபிகேட்

எங்கள் குடியிருப்பு வாசலில் போன வாரம் புதுப் பலகை மாட்டியிருக்கிறார்கள்: ‘விற்பனையாளர்கள் அழைப்பு மணியை அடிக்கக் கூடாது.’ பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. எனக்கோ அதைப் படித்ததும் கிராம்பு வாசனை வந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் தொடக்கத்தில் பெங்களூர் கன்டோன்மென்ட்டில் நான் வீடு வீடாகப் பல்பொடி விற்றேன். கிராம்பு போட்ட ரோஸ் நிறப் பொடி. என் சட்டை, விரல், சாப்பாடு எல்லாவற்றிலும் அதே வாசனைதான். நெஞ்சில் முனிசிபாலிட்டி கொடுத்த பித்தளை லைசென்ஸ் வில்லை குத்தியிருக்க வேண்டும். வில்லையோடு ஒரு விதித்தாளும் கொடுத்தார்கள். கதவைத் தட்டக் கூடாது, கூவக் கூடாது, வீட்டுக்காரர் பேசிய பிறகே நாம் பேசலாம். அவர் உள்ளே, நான் வெளியே. நான் வந்திருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? அதைப் பற்றித் தாளில் ஒன்றுமில்லை.

இருமலைப் பற்றியும் ஒன்றுமில்லை. ஆகவே இருமினேன். கோலார் தங்கச் சுரங்கத்தில் பல வருஷம் இறங்கி ஏறிய என் அப்பாவின் இருமல்தான் எனக்கு மாதிரி: இரண்டு குட்டை, ஒரு நீளம். வில்லை பறிபோனால் நானும் அதே சுரங்கத்தில் இறங்க வேண்டியதுதான். அதனால் நன்றாகவே இருமினேன்.

நான் விற்கப் போகும் தெருவில் குடியிருந்த மேரியம்மா டீச்சர் புகார் கொடுத்துவிட்டார். “நின்னு இருமறதுக்கு என் வூட்டு கேட்டுதான் கெடைச்சுதா?”

முனிசிபல் ஆபீஸ் விசாரணையில் அதிகாரி ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல், “இருமிக் காட்டு” என்றார். இருமினேன். பக்கத்து மேஜை குமாஸ்தா தன்னையறியாமல், “யாருப்பா, இன்னா வோணும்?” என்றார்.

“பாத்தீங்களா சார், இது கூப்பிடறதேதான்” என்றார் லைசென்ஸ் இன்ஸ்பெக்டர்.

அதிகாரி யோசித்தார். ஃபைல் தூசியில் அவருக்கே இருமல் வந்துவிட்டது. அது அடங்கியதும் தீர்ப்பு சொன்னார். நிஜ இருமல் என்று டாக்டர் சர்டிபிகேட் இருந்தால் குற்றமில்லை. ஒரு வாரத்தில் கொண்டுவராவிட்டால் வில்லை ரத்து.

டாக்டர் என் மார்பில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, “ஒண்ணுமில்லப்பா, குதிரை மாதிரி இருக்கே” என்று சந்தோஷமாகச் சொன்னார். “இன்னொரு தரம் நல்லா கேளுங்க டாக்டர்” என்று கெஞ்சினேன்.

‘மூட்டை தூக்க ஓர் ஆள் உடன் வரலாம்’ என்று தாளில் ஒரு வரி இருந்தது. இருமலால் வேலையை விட்டு வீட்டிலிருந்த அப்பாவுக்குக் கடிதம் போட்டேன். வந்தார். அவருடைய சர்டிபிகேட் இரண்டு பக்கம். மூட்டையை நான் தூக்கினேன், அவர் இருமினார், நான் விற்றேன். “ஏண்டா, இதுக்குக் கூடவா சோறு போடறாங்க?” என்றார் அப்பா.

மேரியம்மா சண்டைக்கென்றே வெளியே வந்தார். அப்பாவைப் பார்த்தார். உள்ளே போய் வெந்நீரோடு திரும்பினார். “அண்ணே, இது நெசமால்ல இருக்கு. உக்காருங்க.” அதற்குப் பிறகு மாதத்தின் முதல் சனிக்கிழமை இரண்டு டப்பா வாங்குவார், வெந்நீரும் உண்டு.

இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று. அப்பா இறந்த அடுத்த மாதம், முதல் சனிக்கிழமை, அந்த கேட்டில் தனியாக நின்றேன். இருமவில்லை. நேரம் பார்த்து மேரியம்மாவே டம்ளரோடு வந்தார்.

“அண்ணன் எங்கப்பா?”

வீட்டுக்காரர் பேசிவிட்டார். விதிப்படி இனி நான் பேசலாம். மூட்டையிலிருந்து இரண்டு டப்பாவை எடுத்து நீட்டினேன்.

அந்த வீடும் கேட்டும் இன்று இல்லை. கிராம்புப் பல்பொடியும் இல்லை. வாசலுக்கு வாசல் மணி இருக்கிறது, அடிக்கத்தான் கூடாது.