கட்டிக்கொண்டு நடந்தவள்

என் கணவர் பழைய சுவிஸ் வாட்சுகள் சேர்ப்பவர். அரியலூரில் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகள் வைத்திருக்கிறார். வீட்டுச் செலவு போக மிஞ்சுவதெல்லாம் வாட்சாகிவிடும். எல்லாமே ஆட்டோமேட்டிக். சாவி கொடுக்க வேண்டாம், பேட்டரி வேண்டாம். கட்டியிருப்பவரின் கை அசைந்தால் போதும், ஓடும். கழற்றி வைத்தால் ஒன்றிரண்டு நாளில் நின்றுவிடும். நின்று கிடந்தால் உள்ளே எண்ணெய் இறுகிவிடும் என்பார்.

எல்லாவற்றையும் அவர் ஒருவரே கட்ட முடியாது. என்னைக் கூப்பிட்டார்.

“சாயங்காலம் வாக்கிங் போறல்ல? கைய எதுக்கு சும்மா வீசிக்கிட்டுப் போற? கட்டிக்க.”

முதல் நாள் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தாலிக்குப் பிறகு அவர் தன் கையால் எனக்குக் கட்டிவிட்டது அதுதான். ஆம்பிளை வாட்ச், வளையல் மாதிரி சுழன்றது. வாரில் புதிதாக ஓட்டை போட்டு இறுக்கினார். மறுநாள் இரண்டு கைக்கும் ஒவ்வொன்று. வேர்வை தோல் வாருக்கு ஆகாதென்று மணிக்கட்டில் பவுடர் போட்டுவிடுவார். திரும்பி வந்ததும் கழற்றித் துடைத்து, பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்.

மைதானத்தில் கூட நடக்கும் பெண்கள், “ஏங்க்கா, எந்தக் கையில மணி பாப்பீங்க?” என்று சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

ஜெயங்கொண்டத்தில் தம்பி மகள் கல்யாணம். ஒன்றைக் கட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டேன்.

“நாலு பேரு பாக்கவா? அது என்னா உன் நகையா?” என்றார்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு சாயங்காலம், ரோட்டோரம் நடந்தபோது பைக் ஒன்று உரசிவிட்டுப் போனது. இடது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு பார்க்கச் சகிக்காமல் மடங்கியிருந்தது. யாரோ போன் போட்டுச் சொல்ல, அவர் காரில் வந்தார். பக்கத்தில் குந்தி என் கையைத் தூக்கினார். கத்தினேன்.

“செத்த பொறு, செத்த பொறு” என்றபடியே வாரை அவிழ்த்தார். வாட்சைக் காதில் வைத்துக் கேட்டார்.

“ஓடுது” என்றார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் அதுவரை பார்த்ததில்லை. பிறகுதான், “எந்திரிக்க முடியுதா?” என்றார்.

பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியில் ஒரு கீறல்.

“விழுந்ததுதான் விழுந்த, வலது கைய ஊனியிருக்கக் கூடாது? அதுல இருந்தது சாதா.”

பின் சீட்டில் நான் வலது கையால் இடது கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

எனக்கு மாவுக்கட்டு போட்ட வாரமே வீட்டுக்கு ஒரு மெஷின் வந்தது. உள்ளே வாட்சுகளை மாட்டினால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். பார்க்க வந்தவர்களிடம் என்னை வைத்துக்கொண்டே சொன்னார்: “இது விழாது.” எல்லோரும் சிரித்தார்கள்.

எலும்பு சற்றுக் கோணலாகவே கூடியது. இன்றும் அந்தக் கையால் ஊறுகாய் பாட்டில் மூடியைத் திருக முடியாது.

போன மாதம் வாட்ச் சேர்க்கும் இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஒருவர் பெரம்பலூரில் பல் டாக்டர், இன்னொருவர் பாடாலூரில் ஹோட்டல்காரர். டாக்டர் கீறல் விழுந்த வாட்சைப் பார்த்துவிட்டு, என்ன ஆச்சு என்று கேட்டார்.

“வீட்டுல கீழ போட்டுட்டாங்க” என்றார் என் கணவர்.

நான் காபித் தட்டோடு நின்றிருந்தேன். “நான் கீழ போடலீங்க. நான் விழுந்தேன். என் கை ஒடஞ்சிது” என்றேன்.

“ஐயையோ” என்றார் டாக்டர். என் கையைப் பார்க்கவில்லை. கணவர் பக்கம் திரும்பினார். “ஒரிஜினல் கண்ணாடி சார். கீறல் இருந்தா இருந்துட்டுப் போவுது, மாத்திடாதீங்க.”

தட்டை அப்படியே சமையலறைக்குத் திருப்பி எடுத்துப் போனேன். மூன்று டம்ளரையும் ஒவ்வொன்றாகத் தொட்டியில் கவிழ்த்தேன்.

“என்னா, காபி எங்க?” என்று அவர் ஹாலிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.