பன்னிரண்டு நாவல்களும் ஒரு சம்பந்தியும்

சம்பந்தி வீட்டிலிருந்து கட்டைப் பை வந்தால் உள்ளே என்ன இருக்கும்? தேங்காய் இருக்கும். சீசன் என்றால் மாம்பழம் இருக்கும். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பீளமேடு வீட்டுக்கு வந்த பையில், ஒரு சீப்பு நேந்திரம் பழத்துக்கு அடியில் அறுநூற்று இருபது பக்கத்துக்கு ஒரு நாவல் இருந்தது.

எழுதியவர்? பையைத் தூக்கி வந்த சம்பந்தியேதான்!

"சயின்ஸ் பிக்‌ஷனுங்க சம்பந்தியம்மா. ஏப்ரல் மாசத்துக்குத் தண்ணி பத்தி ஒண்ணும் கெடைக்கலைன்னு எழுதியிருந்தீங்களே... நம்முளுது பூராவும் தண்ணிதானுங்க!"

மனிதரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சரவணம்பட்டிக்காரர். முப்பது வருடம் பம்ப்செட் தயாரித்துவிட்டு, போன வருடம்தான் கம்பெனியை மகனிடம் ஒப்படைத்தார். அந்த மகனுக்குத்தான் என் மகள் சௌமியாவைக் கொடுத்திருக்கிறேன். தங்கமான மனிதர். ஆனால் சும்மா இருக்கத் தெரியாது. ஓய்வு கிடைத்ததும் உட்கார்ந்து ஒரு நாவலை எழுதி, தானே அச்சடித்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டி, வேண்டியவர்களுக்கெல்லாம் ஒரு பிரதி கொடுத்துவிட்டார்.

என் சபதம்தான் வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்குத் தெரியுமே. வரும் வருடம் மாதத்துக்கு ஒரு அறிவியல் புனைகதை நாவல் படிப்பது. ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு விஷயம் — இயந்திர மனிதன், காலப் பயணம், வேற்றுக் கிரகம், தண்ணீர்... இப்படிப் பன்னிரண்டு. வருடம் தொடங்கும் முன்பே பட்டியலை அச்சில் போட்டுவிட வேண்டும். போட்டபின் மாற்றக் கூடாது. வாசகர்கள் பல பேர் "நாங்களும் வர்றோம்" என்று சேர்ந்துகொண்டதால் பின்வாங்கவும் வழியில்லை.

தேர்வுக்கு நான் வைத்தது ஒரே விதி. முதல் ஐம்பது பக்கம் படிப்பதற்குள் மூன்று தடவை செல்போனைக் கையில் எடுத்தேன் என்றால், அந்தப் புத்தகம் ரிஜெக்ட்!

சம்பந்தியின் நாவலில் பதினோராம் பக்கத்திலேயே மூன்றாவது தடவை எடுத்துவிட்டேன்.

ஐயாயிரம் அடி ஆழத்திலிருந்து தண்ணீரை மேலே தூக்கும் ஒரு மோட்டார். அதன் சுருள், அதன் தண்டு, அதன் பேரிங், பேரிங்குக்குப் போடும் கிரீஸ்... கிரீஸுக்கே ஆறு பக்கம்.

"பேசாம லிஸ்ட்ல போட்டுரு அம்மணி. யாரு படிக்கப் போறாங்க?" என்றார் என் வீட்டுக்காரர்.

இத்தனை வருடமாக வாராவாரம் எழுதுகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது?

ஆனால் அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. நாங்கள் பெண்ணைக் கொடுத்தவர்கள். சம்பந்தி மனம் கோணினால் அது யார் தலையில் விடியும்? சாயங்காலம் அந்த வீட்டு டைனிங் டேபிளில் எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டியவள் என் மகள். இரண்டு நாள் யோசித்தேன். போட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

போடவில்லை. காரணம் ஒரு பழைய வெட்கம். பல வருடங்களுக்கு முன்னால் வேண்டப்பட்ட ஒருவரின் புத்தகத்தை இதே பக்கத்தில் 'அருமை' என்று எழுதினேன். பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். "நீங்கள் சொன்னதற்காகத் தேடிப்பிடித்து வாங்கினேன் அம்மா. நீங்கள் அதைப் படித்தீர்களா?" நான் படித்திருக்கவில்லை. பதிலும் போடவில்லை. அந்தக் கடிதத்தை இப்போது நினைத்தாலும் முகம் சுடுகிறது.

அதனால் ஒரு முடிவுக்கு வந்தேன். சொல்வது சொல்வதுதான். ஆனால் முழுக்கப் படித்துவிட்டுத்தான் சொல்வது. சம்பந்திக்காக ஐம்பது பக்க விதியைத் தளர்த்தி, கையில் பென்சிலோடு உட்கார்ந்தேன். ஐந்து நாள் ஆயிற்று. தோன்றியதையெல்லாம் ஓரத்தில் எழுதினேன். சனிக்கிழமை காலையில் சரவணம்பட்டிக்கு பஸ் ஏறினேன்.

காபி வந்தது. முறுக்கு வந்தது. சம்பந்தி எதிரே வந்து உட்கார்ந்தார், ரிசல்ட் பார்க்க வந்த பையன் மாதிரி.

"அண்ணா, தப்பா நெனைக்கக் கூடாது. இந்த லிஸ்ட்ல போட முடியாதுங்க."

அவர் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"கதை தொண்ணூறாம் பக்கத்துலதான் ஆரம்பிக்குதுங்க. அதுக்கு முன்னாடி வெறும் மோட்டாருதான் ஓடுது."

"அந்தத் தொண்ணூறு பக்கந்தானுங்க சயின்ஸே!"

பென்சில் குறிப்புகளோடு புத்தகத்தை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். "சரிங்க" என்றார். எங்கள் ஊர் 'சரிங்க'வுக்கு ஆயிரம் அர்த்தம் உண்டு. அதில் ஒன்றுகூட அன்றைக்கு நல்லதாகப் படவில்லை. மாடிக்குப் போனவர் நான் கிளம்பும்வரை இறங்கி வரவே இல்லை.

சாயங்காலம் மகளிடமிருந்து போன்.

"அம்மா, மாமாகிட்ட என்ன சொன்னீங்க? மத்தியானம் சாப்பிடவே வரலை! நாங்க எல்லாரும் சூப்பரா இருக்குன்னு சொல்லி வெச்சிருக்கோம். நீங்க வந்து..."

"நீ படிச்சயா கண்ணு?"



"அதுவாம்மா இப்ப முக்கியம்?"

அடுத்த ஒரு வாரம் எனக்கு நிம்மதி கிடையாது. செய்தது சரி என்று தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் சௌமியாவோ என்று ஓடிப்போய் எடுத்தேன். ஒரு பட்டியலுக்காக மகளின் நிம்மதியைக் கெடுத்துவிட்டேனோ? கேட்டுக் கேட்டு நானே சலித்துப்போனேன். அப்போதும் பட்டியலில் கை வைக்கவில்லை.

முந்தாநாள் காலை, சம்பந்தியே கூப்பிட்டார்.

"ஏனுங்க சம்பந்தியம்மா, இருநூத்திப் பதிமூணாம் பக்கத்துல 'இங்கே அழுதேன்'னு எழுதியிருக்கீங்களே... அது நெசமாங்க?"

கடைசிக் குடம் தண்ணீரை வைத்துக்கொண்டு, இறந்துபோன கணவனின் சட்டையைத் துவைப்பதா, குடிப்பதா என்று ஒரு பெண் உட்கார்ந்திருக்கும் இடம் அது. அந்தப் பக்கத்தில் மோட்டார் கிடையாது. கிரீஸும் கிடையாது.

"நெசந்தானுங்கண்ணா."

சம்பந்தி சொன்னார்: "ஒம்பது பேரு நல்லாருக்குன்னு சொன்னாங்க. எந்தப் பக்கம்னு ஒருத்தரும் சொல்லலீங்க. எனக்குச் சந்தேகம் வந்துபோட்டுது. இந்த வாரம் ஒம்பது பேரு ஊட்டுக்கும் போனேனுங்க."

"போயி?"

"காபி குடிச்சுட்டே அலமாரியப் பார்த்தேன். ஏழு ஊட்டுல பிளாஸ்டிக் கவரே பிரிக்கலைங்க! எம் பையன் டேபிள்லயே அப்படியே கெடக்குது."

சிரித்தார். நானும் சிரித்தேன். முப்பது வருடம் பம்ப்பைச் சோதித்து அனுப்பியவர், தன் புத்தகத்தையும் வீடு வீடாகப் போய்ச் சோதித்துவிட்டு வந்திருக்கிறார். ஆனால் நினைக்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"லிஸ்ட்ல போட வேண்டாங்க. நானே வேண்டாங்கறேன். தொண்ணூறு பக்கத்தை முப்பதாக் கொறைச்சுத் தாரேன். அதுக்குக் கீழ முடியாதுங்க... மோட்டாருன்னு ஒண்ணு ஓணுமல்லங்க?"

"முப்பதும் ஜாஸ்திங்கண்ணா" என்றேன். விடுவேனா?

"மொதல்ல எழுதறேன். பென்சிலத் தீட்டி வைங்க" என்றார்.

ஆக, இந்த வாரம் பட்டியல் வந்துவிட்டது. பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறேன், பாருங்கள். பதினொரு நாவல்கள். ஏப்ரல் மட்டும் காலி. போட்டதை மாற்றத்தான் கூடாது, காலி இடத்தை நிரப்பலாம். ஒரு இடத்தை நிரப்புவதற்காக மட்டும் எதையோ எடுத்துப் போட எனக்கு மனமில்லை. தண்ணீரைப் பற்றி நல்ல நாவல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒரே நிபந்தனை, எந்தப் பக்கம் பிடித்தது என்று சேர்த்து எழுத வேண்டும்.

'சூப்பருங்க' என்று சொல்ல அட்டையைப் பார்த்தால் போதும்... 'வேண்டாங்க' என்று சொல்லத்தான் அறுநூற்று இருபது பக்கமும் படிக்க வேண்டியிருக்கிறது!