இடது பக்கக் கதவு

1998 ஜூன் 8, திங்கட்கிழமை, காலை பத்தேகால் மணி. தூறல். முந்தின வாரம் கோலாரிலும் பங்காருபேட்டையிலும் மூன்று கல்லூரிகள் பார்த்துவிட்டு, நான்காவதாக ராபர்ட்சன்பேட்டையில் ஒன்றுக்கு வந்திருந்தோம்.

என் பேத்தி ஸ்டெல்லாவுக்குப் படிக்கும்போது எழுத்துகள் இடம் மாறும். காதால் கேட்டதை மறக்கமாட்டாள். மூன்று இடத்திலும், "இவள் எப்படிப் பரீட்சை எழுதுவாள்?" என்றார்கள். இங்கும் அப்படிச் சொன்னால் படிப்பை விட்டுவிடுவேன் என்று சொல்லியிருந்தாள்.

வாசலில் கன்னடப் பலகை. நாற்பது வருடமாகக் கன்னடம் பேசுகிறேன், படிக்கத் தெரியாது. அதை அவளிடம் சொன்னதில்லை.

"ஆபீஸ் இப்படின்னு போட்டிருக்கும்மா" என்று இடது பக்கக் கதவைத் திறந்தேன். உள்ளே தலை வாரிக்கொண்டிருந்த ஆறு மாணவிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

வெளியே ஓடி வந்தேன். ஸ்டெல்லா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இன்னா தாத்தா, உனக்கும் எழுத்து ஆடுதா?"

"எனக்குக் கன்னடம் படிக்க வராதும்மா."

அதைக் கேட்டபடி வந்த ஆசிரியை, "அதுக்கென்ன பெரியவரே, நான் படிக்கிறேன், ரெண்டு பேரும் கேளுங்க" என்று பலகை முழுவதையும் படித்துக் காட்டினார். இடது பக்கம் மாணவிகள் ஓய்வறை, வலது பக்கம்தான் ஆபீஸ்.

"எனக்குப் படிக்கறப்ப எழுத்து இடம் மாறும். பாடத்தையும் இப்படிப் படிச்சுக் காட்டுவீங்களா, மேடம்?" என்றாள் ஸ்டெல்லா.

"காட்டறேன். பரீட்சையில நீ சொல்லச் சொல்ல எழுத ஆள் கேட்டு மனுவும் போடலாம்."

"தாத்தா, இங்கியே சேர்றேன்."

கல்லூரியில் கேட்க நான் யோசித்து வைத்திருந்த பதினேழு கேள்விகளும் அப்படியே நின்றுவிட்டன. 'தெரியாது' என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் அந்தச் சிரிப்பு கிடைத்திருக்காது.

கதவு விஷயத்தை வீட்டில் சொல்லாதிருக்க அவள் இரண்டு மசால் தோசை கேட்டாள். தின்றுவிட்டு எல்லாரிடமும் சொன்னாள். ஆன செலவு, இருபத்து நான்கு ரூபாய்.